கடைசி நொடியில் கேட்பவன் திருடனா?

இணைய ஏலத்தில் பொருளைக் கோட்டை விட்டவர்கள் எல்லோரும் ஒரே ஆளைத்தான் திட்டுகிறார்கள். ஏழு நாள் ஏலம். ஏழாம் நாள் கடைசி நிமிடம் வரைக்கும் அந்த ஆளைக் காணோம். முடிய ஐந்து நொடி இருக்கும்போது எங்கிருந்தோ வந்து ஒரு தொகையைப் போட்டு, பொருளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். இதற்கு ஸ்னைப்பிங் என்று பெயர். மறைந்திருந்து சுடுவது என்று அர்த்தம். பெயர் வைக்கும்போதே தீர்ப்பையும் எழுதிவிட்டார்கள் பாருங்கள்!

நான் அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்கப் போகிறேன். (ஃபீஸ் கிடையாது.) அவன் திருடன் இல்லை. சொல்லப்போனால் அந்த ஏலத்தில் விவரத்தோடு நடந்துகொண்டவன் அவன் ஒருத்தன்தான். திட்ட வேண்டிய ஆட்கள் வேறு இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் திட்டுவதே இல்லை. ஒருவனுக்கு நன்றி வேறு சொல்கிறோம். அதைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஆங்கிலத்தில் பிட் என்கிற வார்த்தையை நம்ம ஊர் மாணவன் எழுதினால் தேர்வு அறையும் பறக்கும் படையும்தான் ஞாபகம் வரும். அதனால் 'கேட்பு' என்றே எழுதுகிறேன். :-)

ஈபே மாதிரி தளங்களில் ஏலம் எப்படி நடக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. திரையில் 40 டாலர் என்று காட்டுகிறது. நீங்கள் 75 என்று அடிக்கிறீர்கள். உடனே விலை 75 ஆகிவிடாது. 75 என்பது உங்கள் உச்ச வரம்பு. அதைத் தளம் தனக்குள் வைத்துக்கொண்டு, உங்கள் சார்பாக அதுவே கேட்கும். இன்னொருவர் 60 வரை போகத் தயாராக இருந்தால் விலை 61 என்று நிற்கும், நீங்கள் முன்னணியில் இருப்பீர்கள். அதாவது ஜெயிப்பவர் தன் உச்சத்தைக் கொடுப்பதில்லை. தனக்கு அடுத்து வந்தவரின் உச்சத்துக்கு மேல் ஒரு படி, அவ்வளவுதான். இந்தப் படியும் விலையைப் பொறுத்து மாறும். 25 டாலரிலிருந்து 100 வரை படிக்கு ஒரு டாலர், 100க்கு மேல் 250 வரை இரண்டரை டாலர், இப்படி. இரண்டு பேர் ஒரே உச்சத் தொகையைப் போட்டிருந்தால் முதலில் போட்டவருக்கே பொருள்.

இது புரிந்துவிட்டால் பாதி அழுகை நின்றுவிடும். என் பெரியப்பா மகன், நியூ ஜெர்சியில் இருக்கிறார், பழைய ஃபிலிம் கேமரா பைத்தியம். ஒரு ஏலத் தளத்தில் யாஷிகா கேமரா ஒன்றுக்கு 180 டாலர் வரம்பு போட்டுவிட்டு ஆறு நாள் முன்னணியில் இருந்தார். விலை 142.50ல் நின்றுகொண்டிருந்தது. கடைசியில் 182.50க்கு யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஃபோனில் ஒரே புலம்பல். "ரெண்டரை டாலர்லடா போச்சு! ரெண்டே ரெண்டரை டாலர்!"

அண்ணே, அந்த இரண்டரை டாலர் நிஜமே இல்லை. எதிரி 182.50 போட்டான் என்று யார் சொன்னது? அவன் 200 போட்டிருக்கலாம், 300 போட்டிருக்கலாம். அவன் என்ன போட்டிருந்தாலும் திரையில் உங்கள் 180க்கு மேல் ஒரு படி, 182.50 என்றுதான் காட்டும். நீங்கள் 185 போட்டிருந்தால் 187.50க்குத் தோற்றிருப்பீர்கள், அப்போதும் "ரெண்டரை டாலர்ல போச்சு" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். நூலிழையில் தோற்ற மாதிரி ஒரு தோற்றத்தை இந்த ஏற்பாடே உண்டாக்குகிறது. நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலில் வந்தவன் எவ்வளவு முன்னால் ஓடியிருந்தாலும், இரண்டாவது ஆளுக்கு ஒரு அடி முன்னால் நிற்கிற மாதிரி படம் எடுத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இது.

"எனக்கு நேரம் இருந்திருந்தா 220 வரைக்கும் போயிருப்பேனே" என்றார் அடுத்து. அப்படியானால் முதலிலேயே 220 என்று எழுத வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். பொருளாதாரப் புத்தகமும் இதையேதான் கேட்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் விக்ரி 1961ல் எழுதிய கட்டுரை இதற்கு மூலம். மூடிய உறையில் எல்லோரும் தொகை எழுதிக் கொடுத்து, அதிகம் எழுதியவர் இரண்டாவது ஆளின் தொகையைக் கட்டினால் போதும் என்று வைத்தால், யாருக்கும் பொய் எழுத வேண்டிய அவசியமே இருக்காது என்று காட்டினார். கூட்டி எழுதினால் நஷ்டத்துக்கு வாங்க நேரலாம், குறைத்து எழுதினால் லாபத்தில் வரவேண்டியது கை நழுவலாம். உண்மையை எழுதிவிட்டுத் தூங்கப் போவதே உத்தமம். 1996ல் அவருக்கு நோபல் அறிவித்தார்கள், மூன்றே நாளில் இறந்துபோனார், பாவம்.

ஆக, புத்தகப்படி என் அண்ணன்தான் தப்பு. முதல் நாளே உண்மையான உச்சத்தை எழுதியிருக்க வேண்டும், அதற்குமேல் கவலைப்படக் கூடாது. பி.காம் இரண்டாம் ஆண்டில் இதைப் படித்தபோது எனக்கும் ரொம்ப அழகாகத்தான் தோன்றியது. ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. விக்ரியின் உறை மூடியிருந்தது. இங்கே உறையைத் தினமும் நாலு பேர் ஓட்டை போட்டு எட்டிப் பார்க்கிறார்கள்.

எப்படி என்றால், அதே அண்ணனின் இன்னொரு கொள்முதல். ஒளி அளக்கும் கருவி ஒன்று. 120 டாலர் வரம்பு போட்டார். நிஜமாகப் போட்டிக்கு வந்தவர் ஒருவர்தான், அவர் 70 வரை வந்துவிட்டு நின்றுகொண்டார். விலை 71. அப்புறம் நான்காம் நாள் ராத்திரி ஒரு புது ஆள் வருகிறார். 80. தோற்கிறார். 90. தோற்கிறார். 100, 110, 115. அத்தோடு நிறுத்திக்கொள்கிறார். பொருள் அண்ணனுக்கே, 117.50க்கு. அண்ணனுக்கு ஏக சந்தோஷம். "நல்ல போட்டிடா, ஆனா விடலையே" என்றார்.

அந்தப் புது ஆளின் விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். பெயர் மறைக்கப்பட்டு நட்சத்திரக் குறிகளோடு இருந்தது. அதுவரை ஒரு பொருள்கூட வாங்கியதில்லை. கேட்டதெல்லாம், நூற்றுக்கு நூறு, இதே விற்பவரின் பொருள்களைத்தான். விற்பவரின் மச்சானா, விற்பவரே இன்னொரு கணக்கிலா என்று நான் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு படி மேலே போனால் தன் தலையிலேயே பொருள் விழுந்துவிடும் என்று பயந்து பயந்து ஏறி, சரியான இடத்தில் நின்றுகொள்கிற ஆளை வாங்க வந்தவன் என்று நம்புவதற்கு ரொம்ப நல்ல மனசு வேண்டும்.

கவனியுங்கள். யாஷிகாவை எடுத்தவன் அண்ணனிடமிருந்து ஒரு பைசா வாங்கவில்லை. அவனுக்கு அந்தக் கேமரா அதிகம் வேண்டியிருந்தது, அதிகம் கொடுத்தான், வாங்கினான். அவன் 'திருடன்'. ஒளிமானி ஏலத்தில் வந்தவன் 46 டாலர் 50 சென்ட்டை அண்ணன் பையிலிருந்து எடுத்து விற்பவன் பையில் போட்டான். அது 'நல்ல போட்டி'!

ஒருவேளை அந்த ஆசாமி கணக்குத் தப்பி 120ஐத் தாண்டிவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஜெயித்தவர் பணம் கட்டவில்லை, உங்கள் தொகைக்கே தருகிறேன், வாங்கிக்கொள்கிறீர்களா என்று இரண்டாவது வந்தவருக்கு விற்பவர் கேட்டு அனுப்பலாம். இரண்டாவது வாய்ப்பு என்று அதற்குப் பெயர். நேர்மையான விற்பவருக்குத் தேவையான வசதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செட்டப் ஆள் வைத்திருப்பவனுக்கு அது காப்பீடு மாதிரி. இப்போது உங்கள் உச்ச வரம்பு அவனுக்குப் பைசா சுத்தமாகத் தெரியும், அதையே கேட்பான்.

இதெல்லாம் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு வழக்கு. 2000ஆம் ஆண்டு ஈபேயில் ஒரு ஓவியம் ஏலத்துக்கு வந்தது. ரிச்சர்ட் டீபன்கார்ன் என்ற பெரிய ஓவியருடையதாக இருக்குமோ என்று நினைக்கிற மாதிரி படமும் வர்ணனையும். விலை 1,35,805 டாலர் வரை ஏறியது. விற்றவர் ஒரு வக்கீல்! அவரும் கூட்டாளிகளும் பொய்ப் பெயர்களில் தங்கள் பொருள்களைத் தாங்களே ஏற்றிக் கேட்டுவந்தது வெளியே வந்தது, ஏலம் ரத்தானது, 2001ல் அமெரிக்க மத்திய அரசே குற்றவழக்கு போட்டது. இங்கிலாந்தில் 2010ல் ஒருவர் தான் விற்ற மினி பஸ்ஸுக்குத் தானே இன்னொரு பெயரில் ஏலம் கேட்டு மாட்டி, பிராட்ஃபோர்டு நீதிமன்றம் 250 மணி நேரம் சமூக சேவை செய்யச் சொன்னது.

நம் சட்டத்திலும் இது தெளிவாகவே இருக்கிறது. வணிகச் சட்டத் தாளில் எல்லோரும் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுகிற 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 64. விற்பவர் தானும் கேட்கப்போவதாக முன்பே அறிவிக்காவிட்டால் தானும் கேட்கக் கூடாது, ஆள் வைத்தும் கேட்கக் கூடாது. விலையை ஏற்றப் பொய்யாகக் கேட்டிருந்தால் வாங்கியவர் அந்த விற்பனையையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அந்தப் பிரிவை வரிவரியாகப் பாருங்கள், கடைசி நேரத்தில் கேட்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சட்டம் எழுதியவர்களுக்கு எது திருட்டு என்பதில் குழப்பம் இருந்ததில்லை.

இப்போது கடைசி நொடி ஆசாமியைத் திரும்பப் பாருங்கள். ஏற்றிவிடுகிறவனுக்கு ஒரு இலக்கு வேண்டும். முதல் நாளே உச்ச வரம்பைப் போட்டு உட்கார்ந்திருப்பவர்தான் அந்த இலக்கு. கடைசி ஐந்து நொடியில் வருபவனை ஒன்றும் செய்ய முடியாது, ஏற்ற நேரம் இல்லை. விக்ரியின் மூடிய உறையை அவன் ஒருத்தன் தன் கையாலேயே தயாரித்துக்கொள்கிறான். அண்ணன் ஒளிமானிக்கு அப்படிக் கேட்டிருந்தால் ஏறக்குறைய 71 டாலரோடு முடிந்திருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பழம்பொருள், நாணயம், தபால்தலை மாதிரி விஷயங்களில் விவரம் தெரிந்தவர் கேட்பதே ஒரு விளம்பரம். நாணயம் சேகரிப்பதில் பழுத்த ஒருவர் ஒரு செப்புக் காசுக்கு முதல் நாளே கேட்டால், 'ஓ, சரக்கு அசல்தான்' என்று பத்துப் பேர் பின்னாலேயே வருவார்கள். இருபது வருடம் படித்துச் சேர்த்த அறிவை அவர் எதற்காக இலவசமாக விநியோகிக்க வேண்டும்? ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2002ல் வெளியிட்ட ஆய்வில் இது அப்படியே தெரிகிறது. ஈபேயில் கம்ப்யூட்டரை விடப் பழம்பொருள் ஏலங்களில்தான் கடைசி நிமிடக் கேட்பு அதிகம். அனுபவம் கூடக் கூட ஆட்கள் இன்னும் தாமதமாகக் கேட்கிறார்கள் என்றும் கண்டார்கள். (ராத்துக்கு 2012ல் நோபல் கிடைத்தது, வேறு ஆராய்ச்சிக்காக.)

இவனிடம் குறையே இல்லையா என்றால், ஆபத்து இருக்கிறது, அது அவனுக்குத்தான். நெட் ஒரு நொடி இழுத்தால் கேட்பு போய்ச் சேராது. இதற்கென்றே இருக்கும் சேவைகளில் பலவற்றுக்கு உங்கள் கணக்கின் கடவுச்சொல்லையே ஒப்படைக்க வேண்டும். முன்பின் தெரியாதவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கிற வேலை, நான் செய்ய மாட்டேன்.

"அதெல்லாம் சரிப்பா, ஆனா அவன் வந்த பிறகு எனக்குப் பதில் கேட்க நேரமே இல்லையே, அது நியாயமா?" இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதை அவனிடம் கேட்கக் கூடாது. கடிகாரத்தை வைத்தவனிடம் கேட்க வேண்டும்.

நம்ம ஊர் ஏலத்தை நினைத்துப் பாருங்கள். கோயில் ஏலமோ மீன் ஏலமோ, ஒரு தரம், ரெண்டு தரம் என்று சொல்லிவிட்டு மூணு தரம் சொல்வதற்குள் ஒருவர் கூடுதலாகக் கேட்டால் திரும்ப ஒரு தரத்திலிருந்துதான் ஆரம்பம். அங்கே கடைசி நொடி என்று ஒன்று கிடையாது. இனிமேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் ஏலம் முடியும். மணி அடித்தால் முடிந்தது என்று வைத்த இடத்தில் எல்லாம், மணிக்கு முந்தின நொடிக்காக மனுஷன் காத்திருந்தே தீருவான். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெழுகுவத்தி ஏற்றி வைத்து ஏலம் விடுவார்கள், அது அணைவதற்கு முன் கடைசியாகக் கேட்டவருக்குப் பொருள். 1662ல் நடந்த ஒரு கப்பல் ஏலத்தைப் பற்றி சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். திரி அணையப்போகும் சமயத்தில் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைக் கவனித்து வைத்திருந்த ஒருவர் சரியாக அந்த நொடியில் கேட்டு ஜெயித்தாராம். இன்டர்நெட் வருவதற்கு முந்நூறு வருடத்துக்கு மேல் முன்னாலேயே ஆள் வந்துவிட்டார்!

இதை மாற்ற முடியாதா? மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். 1999ல் அமேசான் தொடங்கிய ஏலப் பிரிவில் ஒரே ஒரு விதிதான் முக்கியமான வித்தியாசம். கடைசிப் பத்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் ஏலம் இன்னும் பத்து நிமிடம் நீளும். மேலே சொன்ன ராத் - ஆக்கன்ஃபெல்ஸ் ஆய்வு இந்த இரண்டு தளங்களையும்தான் ஒப்பிட்டது. ஈபேயின் பழம்பொருள் ஏலங்களில் பாதிக்கு மேல் கடைசி ஐந்து நிமிடத்தில் கேட்பு விழுந்தது. அமேசானில் அது மிக அபூர்வம். அங்கே அனுபவசாலிகள் சீக்கிரமாகவே கேட்டார்கள். மனிதர்கள் அதே ரகம், பொருளும் அதே ரகம், விதி மட்டும் வேறு. அமேசான் ஏலம் பின்னால் மூடப்பட்டதற்கு இந்த விதியைக் காரணம் சொல்ல முடியாது என்பது என் அபிப்பிராயம். வாங்குபவர் கூட்டம் ஈபேயில் இருந்தது, விற்பவரும் அங்கேயே போனார், அவ்வளவுதான்.

"நீட்டிக்கொண்டே போனால் எப்போது முடிவது?" என்பார்கள். 2010ல் நம் மத்திய அரசு 3ஜி அலைக்கற்றையை விற்றது. கடிகாரமே கிடையாது, சுற்றுச் சுற்றாகக் கேட்பு, கூடுதலாகக் கேட்க ஆள் இல்லாதபோது முடிவு. 34 நாள், 183 சுற்று, கிட்டத்தட்ட 67,700 கோடி ரூபாய். முடியத்தானே செய்தது? அவ்வளவு பெரியதெல்லாம் வேண்டாம். கடன் கட்டாதவர்களின் வீட்டை வங்கிகள் மின்-ஏலத்தில் விடும் அறிவிப்புகள் பேப்பரில் பொடி எழுத்தில் வருகின்றனவே, அதைப் படியுங்கள். முடியும் நேரத்துக்குப் பக்கத்தில், பெரும்பாலும் 5 நிமிடம், சிலவற்றில் 10 நிமிடம் தானியங்கி நீட்டிப்பு என்று போட்டிருக்கும். யாருடைய வீடோ போகிறது என்கிற வருத்தத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், ஏல விதி என்ற அளவில் பழைய கேமரா விற்கும் தளத்தை விட அது நேர்மையானது.

நீட்டிப்பு வைத்தால் ஏற்றிவிடும் ஆளுக்கும் கூடுதல் நேரம் கிடைக்குமே என்று யாராவது கேட்டால், உண்மை, கிடைக்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறேன். செட்டப் ஆளைப் பிடிக்க எனக்கும் என் அண்ணனுக்கும் நட்சத்திரக் குறிகளும் ஒரு சதவீதக் கணக்கும்தான் இருக்கின்றன. தளத்துக்கு எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தான், எந்த அட்டையில் பணம் கட்டுகிறான், எந்த முகவரிக்குப் பார்சல் போகிறது எல்லாம் தெரியும். தன் பொருளைத் தானே கேட்பது தடை என்று ஈபேயின் விதியிலேயே இருக்கிறது. ஆனால் முடிந்த விலையில் இவ்வளவு சதவீதம் என்றுதான் தளத்தின் கமிஷன். 71க்கு முடிந்தால் 71ல் கமிஷன், 117.50க்கு முடிந்தால் அதில் கமிஷன். யார் ஏற்றினார்கள் என்று துருவிப் பார்ப்பதில் தளத்துக்கு எவ்வளவு அக்கறை இருக்கும் என்று வணிகவியல் படிக்காதவர்கள்கூடச் சொல்லிவிடலாம்.

அப்படியானால் விலை ஏறட்டும் என்று நீட்டிப்பையாவது வைக்கலாமே, ஏன் வைக்கவில்லை? என் ஊகம் இதுதான். ஓடுகிற கடிகாரம் சூதாட்ட மேஜை மாதிரி, ஆளை இழுத்துத் திரை முன்னால் உட்கார வைக்கும். 'மலிவாக அடித்துவிடலாம்' என்கிற நப்பாசை இருந்தால்தான் அடுத்த வாரமும் வருவான். என்ன காரணமாக இருந்தாலும், விற்பவர் பட்டியலிடும்போது 'கடைசியில் யாராவது கேட்டால் பத்து நிமிடம் நீளட்டும்' என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்கும் வசதி கொடுக்கப் பெரிய செலவு ஆகாது. கொடுக்காத வரைக்கும் அண்ணனுக்கு நான் சொல்வது ஒன்றுதான். 220 என்றால் 220, ஒரே தடவை, கடைசிப் பத்து நொடிக்குள். யாஷிகா அடுத்த மாதம் இன்னொன்று வரும். அந்த ஒளிமானி விற்ற ஆளிடம் மட்டும் ஏற்கெனவே ஒரு லென்ஸுக்கு முன்கூட்டியே வரம்பு போட்டு வைத்திருக்கிறாராம், முன்னணியில் இருக்கிறாராம்!